புழுத் தீவனத்தில் மூணேகால் கிராம்: வளர்ப்புக்கூடத்தில் வைட்டமின் பற்றிக் கற்றவை

பருத்தியிலும் தக்காளியிலும் துவரையிலும் காய்ப்புழு வந்துவிட்டால் அதை ஒழிக்க என்ன வழி என்று ஊரே தேடும். நாங்கள் அதே புழுவை ஆயிரக்கணக்கில் வளர்க்கிறோம். கோவைப் பக்கம் ஒரு உயிரியல் கட்டுப்பாட்டுக் கூடத்தில் பல வருடமாக எனக்கு இதுதான் வேலை. காய்ப்புழுவையும், இலை தின்னும் புரொடீனியா புழுவையும் வளர்ப்பது அவற்றைக் கொல்லும் என்.பி.வி. வைரஸைப் பெருக்குவதற்காக. கார்சைரா அந்துப்பூச்சியை வளர்ப்பது அதன் முட்டைக்காக. அந்த முட்டையில் டிரைக்கோகிரம்மா என்ற பொடிக் குளவியை ஏற்றி, அட்டையில் ஒட்டி, கரும்புத் தோட்டங்களுக்குக் கொடுக்கிறோம்.

இந்த வேலையில் இறங்க விரும்பி வருகிறவர்கள் கடலை மாவு எவ்வளவு, தீவனத்தை இறுகவைக்கும் அகார் எவ்வளவு, தட்டு எங்கே கிடைக்கும் என்றெல்லாம் கேட்பார்கள். வைட்டமினைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்தால் முதலில் கை வைப்பதும் அதில்தான். "இத்துணூண்டு போடறதுல என்னங்க ஆயிடப் போவுது?" என்பார்கள். என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்களுக்கு ஏன் கொழுத்த புழு தேவைப்படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். வைரஸ் மருந்தை நாங்கள் எல்.இ. என்ற கணக்கில் அளக்கிறோம். ஒரு எல்.இ. என்றால் வைரஸ் பொதிந்த நுண் உறைகள் 600 கோடி. நன்றாக வளர்ந்து நோயில் செத்த ஒரு புழுவிலிருந்து கிடைக்க வேண்டியது என்று வைத்த கணக்கு அது. காய்ப்புழுவுக்கு ஹெக்டேருக்கு 250 எல்.இ. தெளிக்கச் சொல்கிறோம். புழு இளைத்திருந்தால் அதே 250-ஐ எட்ட இன்னும் நிறையப் புழு வேண்டும், இன்னும் நிறையத் தட்டு வேண்டும், இன்னும் நிறைய ஆள் வேண்டும். ஆகவே தீவனத்தில் மிச்சம் பிடித்த காசு கூலியில் போய்விடும்.

காய்ப்புழுத் தீவனத்துக்கு இங்கே பரவலாகப் பயன்படுத்தும் அளவு இது: கொண்டைக்கடலை மாவு 105 கிராம், அகார் 12.75 கிராம், தண்ணீர் 780 மில்லி. பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மெத்தில் பாராபென் 2 கிராமும் சார்பிக் அமிலம் 1 கிராமும். பாக்டீரியாவைத் தடுக்க ஸ்ட்ரெப்டோமைசின் கால் கிராம், 10 சதவீத ஃபார்மலின் 2 மில்லி. கடைசியாக அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, 3.25 கிராம், ஈஸ்ட் மாத்திரை 25, மல்டிவைட்டமின் 2, வைட்டமின் இ 2. மாவு வயிற்றை நிரப்பும். புழு சட்டை உரித்து, கூட்டுப்புழுவாகி, அந்தாகப் பறந்து முட்டை வைக்கும் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தக் கடைசிப் பகுதி.

பயிற்சிக்கு வருபவர்களிடம் வாயால் சொன்னால் மனதில் நிற்பதில்லை. அதனால் ஒரே நாளில் பொரித்த புழுக்களை மூன்று தட்டுகளில் பிரித்து வைப்போம். ஒன்றில் முழுத் தீவனம். ஒன்றில் வைட்டமின் சி மட்டும் இருக்காது. இன்னொன்றில் ஈஸ்டும் மல்டிவைட்டமினும் இருக்காது. மற்றதெல்லாம் ஒன்றுபோலவே. எந்தத் தட்டில் எது என்று சீட்டு ஒட்டாமல் பின்பக்கம் எண் மட்டும் எழுதி வைப்போம், பார்க்கிறவர்கள் முன்முடிவோடு பார்க்கக் கூடாது என்பதற்காக.

முதல் சில நாட்கள் வைட்டமின் சி இல்லாத தட்டுக்கும் முழுத் தீவனத் தட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். பொடிப் புழு இரண்டிலும் தின்கிறது, இரண்டிலும் எச்சம் போடுகிறது. ஒரு சட்டை உரிப்புக்கும் அடுத்ததுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பருவம் என்கிறோம். தாய் அந்து முட்டைக்குள் வைத்து அனுப்பிய சேமிப்பில் முதல் பருவங்கள் ஓடிவிடும். மூன்றாம், நான்காம் பருவத்தில்தான் பிரிவு தெரியும். ஒரு தட்டில் புழு தடித்துக்கொண்டே போகும்போது மற்றதில் பெரிசும் சிறிசுமாகக் கலந்து கிடக்கும். சட்டை உரிக்கும் நேரம் வந்தால் பழைய தலைக்கூடு கழலாமல் முகத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். அது மாட்டியிருந்தால் வாய் திறக்க முடியாது, தீவனத்தின் மேலேயே பட்டினி கிடந்து சாகும். பாதிச் சட்டை உரிந்து பாதி வாலோடு ஒட்டியபடி கிடப்பதும் உண்டு. எப்படியோ கூடு கட்டியவற்றிலும் கூட்டுப்புழு சிறிசாக, வளைந்ததாக இருக்கும்.

இதைக் கவனித்துச் சொன்னவர்கள் பலர். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி பெக் மக்காச்சோளத் தண்டுத் துளைப்பானைச் செயற்கைத் தீவனத்தில் வளர்த்துப் பார்த்தார். எதையெல்லாமோ சேர்த்தும் புழு சரியாக வளரவில்லை. மக்காச்சோள இலையைக் காயவைத்துப் பொடித்துச் சேர்த்தால் வளர்ந்தது. இலையில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை. அதற்கு 'சோள இலைக் காரணி' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு தேடினார்கள். 1940-களின் கடைசியில் தொடங்கிய தேடல் 1964-இல் முடிந்தது. அது வேறொன்றுமில்லை, வைட்டமின் சி-தான். 1962-இல் டெக்சாஸில் எர்மா வாண்டர்சாண்டும் உடன் வேலை பார்த்தவர்களும் பருத்தியைத் தாக்கும் மூன்று பூச்சிகளுக்கு அஸ்கார்பிக் அமிலம் அவசியம் என்று காட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்று அமெரிக்கக் காய்ப்புழு, நம் ஊர்க் காய்ப்புழுவுக்கு நெருங்கிய உறவு. வாண்டர்சாண்ட் பெயரிலேயே ஒரு வைட்டமின் கலவை இன்றும் பூச்சி வளர்ப்புக் கூடங்களுக்கு விற்கப்படுகிறது. இந்த வரலாற்றைப் பயிற்சியில் நான் விடாமல் சொல்வேன். பச்சை இலை தின்னும் புழுக்கள் பெரும்பாலும் இப்படித்தான். இலையில் தாராளமாகக் கிடைக்கும் சத்தை உடம்பிலேயே செய்துகொள்ளும் வேலை அவற்றுக்கு இல்லை. உலர்ந்த மாவில் வாழும் பூச்சிகளுக்கோ தீவனத்தில் வைட்டமின் சி இல்லாவிட்டாலும் குறை தெரிவதில்லை. கார்சைரா வைட்டமின் சி சேர்க்காத கம்புத் தீவனத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்வதைத் தினமும் பார்க்கிறேனே.

சரி, 3.25 கிராம் எடை போட்டுச் சேர்த்தாயிற்று என்றால் போதுமா? பல கூடங்களில் சிக்கல் இங்கேதான். எடை சரியாக இருக்கும், வைட்டமின் புழுவுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அகாரைக் கரைக்கத் தண்ணீர் கொதிக்க வேண்டும். அந்தச் சூட்டிலேயே வைட்டமினையும் கொட்டினால் பாதி அங்கேயே வீண். நாங்கள் தண்ணீரை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒரு பாதியில் மாவையும் பூஞ்சணத் தடுப்பையும் மிக்ஸியில் அடிக்கிறோம், மறு பாதியில் அகாரைக் கொதிக்க விடுகிறோம். இரண்டையும் சேர்த்து அடித்துவிட்டு, வெப்பமானி 60 டிகிரிக்குக் கீழே காட்டும் வரை காத்திருந்து, அதன் பிறகுதான் வைட்டமின். ரொம்பவும் காத்திருக்கவும் முடியாது. 40 டிகிரிப் பக்கம் வந்தால் அகார் இறுகத் தொடங்கிவிடும், கட்டி கட்டியாக வைட்டமின் ஒரு பக்கமும் மாவு ஒரு பக்கமுமாக நின்றுவிடும். இடையில் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களில் மாத்திரைகளை முன்பே பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தயாராக வைத்திருப்பவர்தான் நல்ல தீவனக்காரர். கையால் தொட்டுப் பார்த்துச் 'சூடு சரிதான்' என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒரு வெப்பமானி வாங்கிவிடுங்கள். கொதிக்கும்போதே அமிலத்தைக் கொட்டினால் அகாரும் கெடும். தீவனம் இறுகாமல் நீர்விட்டுக் கிடக்கும், பொடிப் புழு அதில் ஒட்டிச் சாகும்.

அடுத்தது வாங்கும் சரக்கு. அஸ்கார்பிக் அமிலம் வெள்ளையாக இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு கடையிலிருந்து வந்த பாட்டில் லேசான மஞ்சள் நிறத்தில் இருந்தது. தேதி சரியாகத்தான் போட்டிருந்தார்கள். எங்கே எந்த வெயிலில் கிடந்ததோ தெரியாது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு மருந்துக்கடையில் மாத்திரையாக வாங்கி அந்த வாரத்தை ஓட்டினோம். அப்போதிருந்து பெரிய பாட்டில் வாங்குவதை விட்டுவிட்டோம். சிறு சிறு பாட்டிலாக, பழுப்புக் கண்ணாடியில், ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். திறந்த தேதியை மூடியில் எழுதுகிறோம். ஊற்றி வைத்த தீவனத்திலும் வைட்டமின் சி நாளுக்கு நாள் குறையும். ஈரம், காற்று, சூடு மூன்றும் அதற்கு எதிரி. தட்டுகளை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்காகச் சனிக்கிழமை இரட்டிப்பாகச் செய்து அடுக்கும் கூடங்களைப் பார்த்திருக்கிறேன், அங்கே மாதக் கடைசியில் புழு இளைத்திருக்கும்.

கூட்டிப் போட்டால் இன்னும் நன்றாக வளருமா என்றும் கேட்கிறார்கள். வளராது. தீவனம் புளிக்கும், புழு நுனிப்புல் மேய்வதுபோல் கொறித்துவிட்டு விலகி நிற்கும். தேவைக்கு மேல் கொடுப்பதால் எந்த லாபமும் இல்லை.

இனி பி வைட்டமின்கள். இங்கே சொல்வதற்கு நிறைய இருக்கிறது. தயமின், ரைபோஃபிளேவின், நியாசின், பான்டோதெனிக் அமிலம், பைரிடாக்சின், ஃபோலிக் அமிலம், பயோட்டின் எல்லாம் நமக்கு வேண்டியதுபோலவே பூச்சிக்கும் வேண்டும். கோலின் இவற்றைவிடப் பல மடங்கு அதிகம் தேவைப்படும், உடம்பின் ஒவ்வொரு செல் சவ்வையும் கட்டுவதற்கு அது வேண்டும். இதற்கெல்லாம் தனித்தனியாகப் பாட்டில் வாங்குவது ஆராய்ச்சிக்கூடங்களுக்குச் சரி. நமக்கு ஈஸ்ட் போதும். ஒரே பொருளில் பி வகை பெரும்பாலும் அடங்கிவிடுகிறது, விலையும் கட்டுப்படி.

மூன்றாவது தட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், ஈஸ்டும் மல்டிவைட்டமினும் இல்லாதது. அதில் தெரியும் கோளாறு வைட்டமின் சி குறைவைப்போல் பாதியில் வருவதில்லை. தொடக்கத்திலிருந்தே மந்தம். கடலை மாவிலேயே கொஞ்சம் பி வைட்டமின் இருப்பதால் புழு செத்துவிழாது. வளரும், ஆனால் இழுத்துக்கொண்டே போகும். பக்கத்துத் தட்டில் கூட்டுப்புழு எடுக்கும்போது இங்கே இன்னும் தின்றுகொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு 'எல்லாம் உயிரோடுதானே இருக்கிறது' என்று தோன்றும். வளர்ப்புக்கூடத்துக்கு நாட்கள் நீள்வது பெரிய நஷ்டம். தட்டு காலியாகாது, பூஞ்சணம் பிடிக்க நேரம் கிடைக்கும், ஒரே நாளில் வைரஸ் கொடுக்க முடியாதபடி புழு பல அளவில் நிற்கும்.

கார்சைராவில் இதையே வேறு விதமாகப் பார்க்கலாம். ஒரு பேசினுக்கு உடைத்த கம்பு இரண்டரைக் கிலோ, நிலக்கடலைப் பொடி 100 கிராம், ஈஸ்ட் 5 கிராம், மைட் என்ற நுண்பேன் வராமலிருக்க நனையும் கந்தகம் 5 கிராம் என்பது இங்கே பயிற்சிகளில் சொல்லித்தரும் அளவு. மகளிர் குழுக்கள் பல இதை வைத்துத்தான் அட்டை தயாரிக்கிறார்கள். கம்பை 100 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்து அதிலுள்ள வேறு பூச்சிகளைக் கொல்கிறோம். ஈஸ்டையும் கடலைப் பொடியையும் கம்பு முழுக்க ஆறிய பிறகுதான் கலக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கம்பு வாங்கும்போது தவிடும் முளையும் போகாத முழுத் தானியமாகப் பார்த்து வாங்கி, நாமே இரண்டு மூன்றாக உடைத்துக்கொள்வது நல்லது. சத்து தவிட்டிலும் முளையிலும்தான் இருக்கிறது, தீட்டிய குருணையில் மாவுச்சத்துதான் மிச்சம்.

வீட்டிலேயே இதைச் சரிபார்க்கலாம். கோதுமை மாவில் விழும் செவ்வண்டு முழுக்கோதுமை மாவில் பெருகும் வேகத்தில் மைதாவில் பெருகாது. பூச்சி ஆராய்ச்சிக்கூடங்களில் செவ்வண்டை வளர்க்க மாவோடு 5 சதவீதம் ஈஸ்ட் சேர்ப்பது வழக்கம். 1940-களில், போர்க்காலத்தில், லண்டனில் காட்ஃபிரீட் ஃபிராங்கெல், மார்ஜரி பிளெவெட் என்ற இருவர் தானியப் பூச்சிகளுக்கு எந்தெந்த வைட்டமின் தேவை என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். ஃபிராங்கெல் பின்னாளில் மாவுப்புழு ஒன்றில் அதுவரை யாரும் கணக்கில் எடுக்காத ஒரு தேவையைக் கண்டார். ஈஸ்டில் இருக்கும் ஏதோ ஒன்று கிடைக்காவிட்டால் அந்தப் புழு செத்துவிடும். அது கார்னிடின் என்று 1952-இல் தெரிந்தது. இன்று உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் டப்பாவில் வாங்கிச் சாப்பிடுகிறார்களே, அதேதான். அது உயிருக்கு இன்றியமையாதது என்று முதலில் தெரியவந்தது ஒரு மாவுப்புழு வழியாக.

ஒரு பயிற்சியில் பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சகோதரி கேட்டார்: "ஏனுங்கண்ணா, ஈஸ்ட்டு, மாத்திரைன்னு இத்தன எதுக்குங்க? கூட ரெண்டு முட்டைய ஒடச்சு ஊத்துனா புழு நல்லாக் கொழுக்காதுங்களா?" நல்ல கேள்வி. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் அவிடின் என்றொரு புரதம் இருக்கிறது. அது பயோட்டினைப் பிடித்துக்கொண்டால் விடவே விடாது. புழு தின்ற தீவனத்தில் பயோட்டின் இருந்தும் உடம்பில் சேராது. வளர்ச்சி நின்று, சட்டை உரிக்க முடியாமல் சாகும். அதனால் தீவனத்தில் பச்சை முட்டை கூடவே கூடாது.

இந்த அவிடினைப் பூச்சிக்கு எதிராகப் பயன்படுத்தவும் முயன்றிருக்கிறார்கள். அவிடின் சுரக்கும்படி மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைச் சேமிப்புப் பூச்சிகளிடம் கொடுத்துப் பார்த்ததில், கிலோவுக்கு 100 மில்லிகிராம் அளவு அவிடின் இருந்தாலே பெரும்பாலான பூச்சிகள் வளரவில்லை என்று 2000-இல் வெளியானது. 2002-இல் நியூசிலாந்தில் அவிடின் உள்ள புகையிலை இலையைத் தின்ற காய்ப்புழுவும் புரொடீனியாவும் செத்தன. நான் வளர்க்கும் அதே இரண்டு புழுக்கள்! வேளாண்மையில் இது பரவலாக வரவில்லை. ஆனால் ஒரே ஒரு வைட்டமினை மறித்தால் புழு என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டது இதோடு சேர்ந்து வரும். மஞ்சள் கிழங்கில் புழு அரிக்க என்ன இருக்கிறது, கசப்பும் காரமும்தானே, அதில் எப்படி வண்டு வண்டாகப் பெருகுகிறது என்றார். கிழங்கைத் துளைக்கும் சிகரெட் வண்டுக்கும் அதன் உறவான மருந்துக்கடை வண்டுக்கும் வயிற்றுக்குள்ளேயே வைட்டமின் தயாரிப்பு இருக்கிறது. குடலை ஒட்டிய சிறு பைகளில் ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்கள் குடியிருந்து பி வைட்டமின்களைச் செய்து தருகின்றன. தாய் வண்டு முட்டை இடும்போது அதன் ஓட்டில் இந்த நுண்ணுயிர்களைப் பூசிவிடும். பொரித்துவரும் புழு ஓட்டைக் கடித்து வெளியே வரும்போது அவற்றையும் விழுங்கிவிடும். ஆய்வாளர்கள் முட்டை ஓட்டைக் கழுவிக் கிருமி நீக்கிவிட்டு வளர்த்தபோது, சத்துக் குறைந்த உணவில் அந்தப் புழுக்கள் தேறவில்லை. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்ததும் தேறின. மண்டிக்காரர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அது சாப்பாட்ட நம்பி வரல, கூடவே கட்டுச்சோறு கொண்டாந்திருக்குது" என்றார். மிகச் சரியாகச் சொன்னார்.

சாறு உறிஞ்சும் பூச்சிகள் பலவும் இந்த வகைதான். செடியின் சாற்றில் சர்க்கரை ஏராளம், மற்றது சொற்பம். அசுவினிக்குள் புக்னேரா என்ற பாக்டீரியாவும், நெல்லைத் தாக்கும் புகையானுக்குள் ஈஸ்ட் போன்ற உயிர்களும் இந்தக் குறையை நிரப்புகின்றன. எதிருயிரி மருந்து (ஆன்டிபயாட்டிக்) கொடுத்து அந்தப் பாக்டீரியாவை அழித்தால் அசுவினி குள்ளமாகிக் குட்டி போடுவதும் குறைகிறது. இதைப் படித்துவிட்டு வயலில் எதிருயிரி மருந்து அடிக்கலாமா என்று கேட்காதீர்கள். அது ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்க வேண்டியது. வயலில் அடித்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும், மனிதருக்கும் கால்நடைக்கும் வேலை செய்யும் மருந்துகள் வீணாகப் போகும்.

வைட்டமின் இ-யின் கதை வேறு. அது குறைந்தால் புழுவில் ஒன்றும் தெரியாது. கூட்டுப்புழுவிலும் தெரியாது. அந்து வரும், பறக்கும், முட்டையும் வைக்கும். முட்டை பொரிக்காது. வீட்டுச் சில்வண்டில் வைட்டமின் இ இல்லாத உணவில் வளர்ந்த ஆண்கள் மலடாவதை 1960-களில் காட்டியிருக்கிறார்கள். இதனால் நாங்கள் புழுத் தீவனத்தில் சேர்ப்பதோடு, அந்துக்குக் கொடுக்கும் தேன் கரைசலிலும் வைட்டமின் இ மாத்திரையை ஊசியால் குத்திப் பிழிந்து கலக்கிறோம். பஞ்சில் நனைத்துக் கூண்டில் தொங்கவிட்டு, தினமும் மாற்றுகிறோம். முட்டை எண்ணிக்கையை மட்டும் குறித்துவைத்தால் இந்தக் குறை கண்ணில் படாது, பொரிப்பு விகிதத்தையும் சேர்த்து எழுத வேண்டும். கார்சைரா வளர்ப்பவர்கள் இதை அதிகம் விட்டுவிடுகிறார்கள், குளவிக்கு முட்டை போதும், பொரிக்கத் தேவையில்லை என்பதால். ஆனால் அடுத்த சுற்றுக்கு விதை முட்டை அதே அந்திலிருந்துதானே எடுக்க வேண்டும்?

வைட்டமின் ஏ வளர்ச்சிக்குப் பெரிதாக வேண்டாம், கண்ணுக்கும் நிறத்துக்கும் வேண்டும். இலையிலுள்ள கரோட்டின் கிடைக்காத தீவனத்தில் வளர்ந்த புகையிலைக் கொம்புப்புழு பச்சைக்குப் பதில் நீலமாகிவிடும், மஞ்சள் போய் நீலம் மட்டும் தங்குவதால். டி-யும் கே-யும் பூச்சிக்குத் தேவையே இல்லை. மல்டிவைட்டமின் வாங்கும்போது அவை கூடுதலாக இருக்கிறது என்று விலை கூட்டிச் சொன்னால் ஏமாற வேண்டாம்.

எல்லாக் கோளாறையும் வைட்டமின் தலையில் கட்டிவிடவும் கூடாது. அந்து வெளியே வந்து சிறகு சுருங்கிக் கிடந்தால் உடனே மாத்திரையைக் கூட்டுகிறார்கள். முதலில் அறையின் ஈரப்பதத்தைப் பாருங்கள். காற்று வறண்டிருந்தால் சிறகு விரிவதற்குள் காய்ந்துவிடும். அது 60, 70 சதவீதத்தில் சரியாக இருந்தால் அடுத்துக் கொழுப்பு. லினோலிக், லினோலெனிக் என்ற கொழுப்பு அமிலங்கள் போதாவிட்டால் அந்துகளின் சிறகும் செதிலும் சரியாக அமையாது. பழைய கடலை மாவு சிக்கு வாடை அடித்தால் அந்தக் கொழுப்பு கெட்டுப்போயிற்று என்று பொருள், வைட்டமின் இ-யும் அதோடு போயிருக்கும். நாங்கள் கடலையை முழுசாக வாங்கி வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மெஷினில் கொடுத்து அரைக்கிறோம். அப்புறம் கொலஸ்ட்ரால். மனித உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும், பூச்சியால் முடியாது. செடியிலுள்ள, கொலஸ்ட்ராலைப் போன்ற ஸ்டீரால் என்ற பொருளைத் தின்று மாற்றிக்கொள்ளும். சட்டை உரிக்க வைக்கும் ஹார்மோனே அதிலிருந்துதான் வருகிறது. கடலை மாவில் அது போதுமான அளவு இருப்பதால் தனியாகச் சேர்ப்பதில்லை. சட்டை உரிப்பதில் தடங்கல் என்றால் வைட்டமின் சி, பயோட்டின் இரண்டையும் முதலில் சந்தேகப்படுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பொருளை மாற்றாதீர்கள். ஒரு தட்டையாவது பழைய முறையிலேயே வைத்திருங்கள், இல்லையென்றால் எதனால் தேறியது என்று கடைசி வரை தெரியாது.

விவசாயிகள் கேட்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிருக்கு வைட்டமின் டானிக் அடித்தால் புழு கொழுக்குமா என்று கேட்கிறார்கள். செடியே தனக்கு வேண்டிய வைட்டமின்களைச் செய்கிறது, வெண்டையிலும் பருத்தியிலும் ஆமணக்கு இலையிலும் புழுவுக்கு வேண்டியது ஏற்கெனவே இருக்கிறது. நாம் மேலே அடிப்பதால் புழுவுக்கு ஒன்றும் கூடப்போவதில்லை. பூச்சியை உண்மையில் பெருக்குவது அளவுக்கு மீறிய யூரியா. நெல்லில் தழைச்சத்து கூடினால் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் கூடும் என்பது நம் ஊரில் யார் வயலிலும் பார்க்கக்கூடியது. டானிக்குக்கு வைத்திருக்கும் கவலையை உரத்துக்கு வையுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன்.

புதிதாகக் கூடம் தொடங்குகிறவர்கள் மில்லிகிராம் காட்டும் சிறு தராசு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சம் கூட்டுப்புழுக்களை எடுத்து எடை போட்டுச் சராசரியை எழுதி வையுங்கள். எங்கள் காய்ப்புழுவில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. அடுத்தடுத்த தொகுதிகளில் அது இறங்கிக்கொண்டே வந்தால் புழு சாகத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அஸ்கார்பிக் அமிலப் பாட்டிலைத் திறந்து நிறத்தைப் பாருங்கள், ஈஸ்ட் டப்பாவை முகர்ந்து பாருங்கள், தீவனம் ஊற்றுகிறவரிடம் எத்தனை டிகிரியில் மாத்திரை போட்டார் என்று கேளுங்கள்.